நீரேந்தி அம்மன் கையில் சூலம்

புலாவ் செபாங்
18.6.2024

பெறுநர்: நளினி, ஒளிப்பதிவாளர், அலோர் காஜா.
பொருள்: நீரேந்தி அம்மன் தலபுராணப் படத்தில் உள்ள பிழைகள்.

வணக்கம்.

நமது கோயிலின் ஆடித் திருவிழாவில், ஆகஸ்டு மூன்றாம் தேதி மாலை திரையிடுவதற்காக நீங்கள் எடுத்திருக்கும் முப்பது நிமிடப் படத்தைக் கடந்த ஞாயிற்றுக்கிழமை செயற்குழுவினர் பார்த்தோம். இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கோயிலில் தலபுராணம் பாடி வருபவன் என்ற முறையில் என் ஆட்சேபங்களை எழுத்து மூலம் தரும்படி தலைவர் திரு. நல்லமுத்து கேட்டுக்கொண்டார். அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

புராணக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. பஞ்ச காலத்தில் ஊர்த்தலைவன் ஒருவன் ஊரின் ஒரே கிணற்றைப் பலகை போட்டு மூடிவிடுகிறான். வழிப்போக்கப் பெண்ணாக வரும் அம்மன் தண்ணீர் கேட்கிறாள். அவன் மறுக்கிறான். அவள் விசுவரூபம் எடுத்து, கண்ணில் தீப்பொறி பறக்கச் சூலத்தால் அவன் மார்பைப் பிளக்கிறாள். கிணறு பொங்குகிறது. ஆடி மாதத்தில் இதை நான் பாடும்போது மயிர்க்கூச்செறியாத ஆள் கிடையாது.

உங்கள் படத்தில் சூலமே இல்லை. பெண்கள் கூட்டமாக வந்து பலகையை உடைக்கிறார்கள், தலைவன் ஓடிப்போகிறான். இது எந்தப் பாட்டில் இருக்கிறது? அடுத்து, அம்மனாக நடித்திருப்பவர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் குஞ்சம்மா. அவர் நல்ல பெண்மணிதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அம்மன் என்றால் ஒரு களை வேண்டாமா? நகை இல்லை, கிரீடம் இல்லை, கால் முழுக்கப் புழுதி. மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிய தடம் வெள்ளையாகத் தெரிகிறது. பதினான்காம் நிமிடத்தில் பஞ்சத்தில் வாடும் ஊர்க்காரர் ஒருவர் "சரிங்க" என்பதற்குப் பதில் மலாய் மொழியில் "போலே லா" என்கிறார். அதே காட்சியில் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது.

மேற்கண்டவற்றைத் திருத்தாமல் படத்தைத் திரையிட நான் சம்மதிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பொ. புவனேஸ்வரன்

பின்குறிப்பு: நான் உனக்கு அத்தை மகன், பதினைந்து வயது மூத்தவன். அதை மறந்துவிட்டு முப்பது பேர் முன்னால் "அத்தானுக்குப் படமும் தெரியாது, பாட்டும் தெரியாது" என்று கத்தியது நீ. உன் கைப்பேசி எண்ணை நான் தடுத்து வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். என் மனைவி திலகாவிடம் சொல்லித் தூது விடாதே.


அலோர் காஜா
23.6.2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. தபால்காரர் என்னைப் பார்த்த பார்வையில், வழக்கு ஏதோ வந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்துக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. என் எண்ணைத் தடுத்துவிட்டதால் நானும் பேனா வாங்கிவந்து எழுதுகிறேன். பள்ளிப் படிப்பை விட்ட பிறகு இவ்வளவு நீளமாகத் தமிழில் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் அதற்கும் ஒரு ஆட்சேபக் கடிதம் அனுப்புங்கள்.

கத்தியது தப்புதான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நான் கத்துவதற்கு முன்னால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கல்யாண வீட்டுல மாலை மாத்தறத படம் புடிக்கிறவளுக்கு சாமி கதை என்னத்த தெரியும்?" என்றீர்கள். அந்த முப்பது பேரும் அதையும் கேட்டார்கள்.

கைக்கடிகாரத் தடம், லாரி ஹாரன், "போலே லா" மூன்றையும் சரி செய்துவிடுவேன். அந்த ஊர்க்காரர் வேறு யாருமில்லை, உங்கள் செயற்குழுப் பொருளாளர். ஆறு தடவை சொல்லிக்கொடுத்தும் அவருக்கு அதுதான் வாயில் வந்தது.

சூலம் விஷயத்துக்கு வருகிறேன். சூலம் பாய்ந்து ரத்தம் பீறிடுவதைக் கம்ப்யூட்டரில் செய்தால் பிள்ளைகள் விளையாடும் கேம் மாதிரி ஆகிவிடும். செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஊர்த்தலைவனாக நடித்த நல்லமுத்து மாமா மட்டும் இன்னும் என்னை விடவில்லை. நேற்றும் கூப்பிட்டார். "ஏம்மா, நான் எப்பம்மா சாவறது? ஒரு வாரமா வீட்டு சோபால விழுந்து விழுந்து பிராக்டிஸ் பண்ணிட்டு இருக்கேன்" என்கிறார். உங்களைத் தூண்டிவிடுவது அவர்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

குஞ்சம்மா அக்காவை மட்டும் மாற்ற மாட்டேன்.

தப்பு என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் பாட்டில் எங்கே இருக்கிறது என்று எழுதிக் காட்டுங்கள். நான் திருத்துகிறேன். "எல்லாருக்கும் தெரிஞ்ச கதை" என்று சொன்னால் போதாது.

கோபம் குறையாத மாமன் மகள்,
நளினி


புலாவ் செபாங்
27.6.2024

நளினிக்கு,

ஆதாரம் கேட்கிறாய். மிக நல்லது.

நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த தலபுராணப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எழுபத்திரண்டு பாட்டு. மஞ்சள் துணியில் சுற்றிக் கோயில் இரும்பு அலமாரியில் வைத்திருக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துச் சந்தனம் பூசி, பூ வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுவோம். எனக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம் என்பதால் பிரித்துப் பார்க்கத் தேவை வந்ததில்லை. உனக்காக நாளை பிரிக்கிறேன். வெள்ளிக்கிழமை, நல்ல நாள்தான். பாட்டு எண்ணோடு, அடியோடு எழுதி அனுப்புகிறேன். அதைப் படித்த பிறகாவது நம்மவர்களின் சாமி கதையைச் சினிமாக்காரர்கள் இஷ்டத்துக்கு வளைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று உனக்குப் புரியும்.

படம் எடுப்பவர்களுக்குப் பொறுப்பு வேண்டும். படித்த பிள்ளைகூடப் பார்த்தால் நம்பிவிடும். நாளைக்கு அதுதான் புராணம் என்று ஆகிவிடும்.

புவனேஸ்வரன்

திலகா உனக்கு முறுக்கு கொடுத்து அனுப்பச் சொன்னாள். அனுப்பியிருக்கிறேன். இதைச் சமாதானம் என்று நினைத்துக்கொள்ளாதே.


அலோர் காஜா
8.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

முறுக்கு தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது. ஆதாரம் இன்னும் வரவில்லை.

புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதா? நேற்றுத் திலகா அக்காவைப் பாசாவில் காய்கறி வாங்கும்போது பார்த்தேன். "என்னான்னு தெரியலம்மா, பத்து நாளா சரியா சாப்பிடறதில்ல. பாடறதும் இல்ல. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து இப்படித்தான்" என்றார். உங்கள் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா? என்னால் என்றால் சொல்லிவிடுங்கள். சூலம்தான் வேண்டும் என்றால் ஒரு சூலத்தை எங்கேயாவது ஓரமாக வைத்துவிடுகிறேன். ஒரு படத்துக்காக நீங்கள் பட்டினி கிடக்க வேண்டாம்.

நளினி


புலாவ் செபாங்
10.7.2024

அன்புள்ள நளினி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத வேண்டியதை எழுத முடியாமல் பன்னிரண்டு நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். இன்று ஆபீசில் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்று நல்லமுத்து அண்ணனிடம் சாவி வாங்கிப் புத்தகத்தைப் பிரித்தேன். அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது, கத்தியால் மெல்ல எடுத்தேன். முதல் ஐம்பது பாட்டும் நான் பாடுவது போலவேதான் இருந்தன. அப்பா சொல்லிக்கொடுத்தவை. ஐம்பத்தொன்றாம் பாட்டுள்ள பக்கத்தில் ஒரு மடித்த தாள் இருந்தது. நான் பாடும் ஏழு பாட்டும் அந்தத் தாளில் இருந்தன. தீப்பொறி, விசுவரூபம், சூலம், மார்பு பிளப்பது எல்லாம். தாளில் இருந்தது என் கையெழுத்து.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அப்பா இறந்த வருடம், 2001இல், முதல்முறையாக நான் பாட உட்கார்ந்தேன். இருபத்தெட்டு வயது. ஒத்திகையில் கிணற்றுக் கட்டம் வந்ததும் எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். அப்பாவுக்கு இருந்த குரல் எனக்கு இல்லை. அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போய் அந்த முடிவுக்குப் பதிலாக நானே ஏழு பாட்டு எழுதினேன். எங்கிருந்து எடுத்தேன் தெரியுமா? எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டி ஒரு சாமி படம் காட்டினார்கள். அதில் ஓர் அம்மன் சூலத்தை வீசும். மூன்று நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சூலத்தைத்தான் எடுத்து நம் அம்மன் கையில் கொடுத்திருக்கிறேன்.

அந்த வருடம் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பழைய முடிவு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வருடமும் பாடினேன். அதற்கடுத்த வருடம் அது நான் எழுதியது என்பதே எனக்கு மறந்துவிட்டது. சத்தியமாக மறந்துவிட்டது, நளினி. பொய் சொல்கிறோம் என்று தெரிந்து நான் பாடவில்லை. ஆனால் சினிமாக்காரர்கள் புராணத்தைக் கெடுக்கிறார்கள் என்று உனக்குப் பதிவுத் தபால் அனுப்பியவன் நான்.

அம்மனின் சிலையை நினைத்துப் பார். இரண்டு கையையும் குவித்து ஏந்தியிருக்கிறாள். சூலம் பிடிக்க அவளுக்குக் கை எங்கே இருக்கிறது? தினமும் கும்பிடுகிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நட்டிருக்கும் வெள்ளிச் சூலம், என் பாட்டைக் கேட்டு உருகி நல்லமுத்து அண்ணன் செய்து கொடுத்தது.

உண்மையான ஐம்பத்திரண்டாம் பாட்டில் அம்மன் எப்படி வருகிறாள் என்று எழுதுகிறேன்: "வெயிலிற் கருத்த மேனியள், வெறுங்காற் புழுதி படிந்தனள்." நகை இல்லை. கிரீடமும் இல்லை. குஞ்சம்மாவை வைத்து நீ எடுத்ததுதான் சரி.

முடிவு என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். அவள் பலகைமேல் கை வைக்கிறாள், அது விலகுகிறது. நீர் விளிம்பு வரை எழுகிறது. ஊரே வரிசையில் நிற்கிறது. அவள் இரு கையாலும் அள்ளி, முதலில் யாருக்குக் கொடுக்கிறாள்? "மறுத்தவன் கையினில் முன்னம்நீர் வார்த்தனள்; வாய்ச்சொல் ஒன்றிலள்." தனக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்னவனுக்கே முதல் தண்ணீர். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படி நீர் ஏந்தியதால்தான் அவள் நீரேந்தி. அவ்வளவுதான் கதை. யாரும் சாகவில்லை.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புத்தகத்தை மறுபடி சுற்றி வைத்திருக்கலாம். கேட்க யார் இருக்கிறார்கள்? அந்த எண்ணம் வராமல் இல்லை. அதனால்தான் பன்னிரண்டு நாள்.

உன்மேல் இனி எனக்குக் கோபப்பட உரிமை இல்லை.

அத்தான்


அலோர் காஜா
14.7.2024

அன்புள்ள அத்தான்,

கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். படிக்கும்போது முதலில் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். பிறகு கடைசிப் பாட்டை நான்கு தடவை படித்தேன்.

நீங்கள் உண்மையைச் சொன்ன பிறகு நான் மட்டும் பெரிய மனுஷி மாதிரி இருக்க முடியாது. நான் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததே இல்லை. பாட்டைத் தேடிப் படிக்கவும் இல்லை. பெண்கள் பலகையை உடைப்பது, தலைவன் ஓடுவது எல்லாம் நானாகச் சேர்த்தது. படத்துக்குக் கடைசியில் ஒரு வேகம் வேண்டும் என்று வைத்தேன். குஞ்சம்மா அக்கா நடித்தது எப்படி என்று கேட்டால் இன்னும் சிரிப்பீர்கள். கோலாலம்பூரிலிருந்து வர வேண்டிய நடிகைக்கு டெங்கி. படப்பிடிப்புக்கு மதியச் சாப்பாடு சமைக்க வந்தவர்தான் குஞ்சம்மா அக்கா. கையில் கரண்டியோடு நின்றவரை அப்படியே கூட்டிவந்து கிணற்றடியில் உட்கார வைத்தேன். "நானா? அலாமாக், குழம்பு அடுப்புல இருக்கும்மா" என்றார். பாட்டில் இருப்பது போல அமைந்தது தற்செயல்தான். எனக்கு அதில் பெருமை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2001இல் நீங்கள் பாடியபோது நான் முன்வரிசையில் இருந்தேன். பதின்மூன்று வயது. சூலம் பாய்ந்த இடத்தில் நான் கண்ணால் பார்த்தேன் அத்தான், அந்தரத்தில் அது மின்னியதை. இப்படி ஒன்றை மற்றவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதன்முதலில் தோன்றியது. உங்கள் பொய்யிலிருந்துதான் என் தொழில் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் நன்றாகச் சாப்பிடுங்கள்.

முடிவை மறுபடி எடுக்கப் போகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை, அதே கிணறு. திரையிட இருபது நாள்தான் இருக்கிறது. ஒரு சந்தேகம். அம்மன் ஒன்றுமே பேசாமல் தண்ணீர் கொடுத்தால் பார்க்கிறவர்களுக்குப் புரியுமா? "பகைவனுக்கும் தாகம் உண்டு" என்று ஒரு வரி வைக்கட்டுமா? நல்லமுத்து மாமாவிடம் யார் சொல்வது, அவர் சாகப்போவதில்லை என்று?

என் எண்ணை நீங்கள் திறந்துவிட்டதாகத் திலகா அக்கா சொன்னார். ஆனாலும் நான் கடிதமே எழுதுகிறேன். போனில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள்.

நளினி


புலாவ் செபாங்
17.7.2024

நளினி,

ஒரு வரியும் வேண்டாம். புத்தகம் பேசாத இடத்தில் நீயும் பேசாதே. நான் பேசியதன் பலனைத்தான் பார்த்தாயே.

நல்லமுத்து அண்ணனிடம் நானே சொன்னேன். கோயில் வாசலில் வைத்துச் சொன்னேன். அவர் புத்தகத்தையும் என் தாளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் சாவ மாட்டேனா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப நான் வாங்கிக் குடுத்த சூலம்?" என்றார். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, நீயும் நானுந்தான் பாத்திருக்கோம். மூடி வெச்சிடு. சனங்க சந்தோசமா இருக்காங்கல்ல" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எழுபத்திரண்டு பாட்டையும் கையால் பிரதி எடுத்து இத்துடன் அனுப்புகிறேன். மூன்று இடத்தில் எழுத்து மங்கியிருக்கிறது. அங்கே நானாக எதுவும் நிரப்பவில்லை, கோடு போட்டு விட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னால் வர முடியாது. திலகாவின் தம்பி மகளுக்கு ஈப்போவில் இருபத்தோராவது பிறந்தநாள் விருந்து. நல்லமுத்து அண்ணன் படப்பிடிப்புக்கு வருவாரா என்று தெரியவில்லை. வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்.

அத்தான்


அலோர் காஜா
24.7.2024

அன்புள்ள அத்தான்,

அவர் வந்தார். காலை எட்டு மணிக்கே, ஊர்த்தலைவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு, தனியாக மரத்தடியில் நின்றார். ஈப்போவில் நீங்கள் பாயசம் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

பலகை விலகுவது, நீர் எழுவது எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பிறகு கடைசிக் காட்சி. குஞ்சம்மா அக்கா இரு கையிலும் தண்ணீர் அள்ளி நீட்ட வேண்டும். நல்லமுத்து மாமா கையேந்திக் குடிக்க வேண்டும். வேறு வேலையே இல்லை. முதல் தடவை அவர் கையை நீட்டவில்லை. "மாமா, கை" என்றேன். இரண்டாம் தடவை நீட்டினார், தண்ணீர் விழுவதற்குள் இழுத்துக்கொண்டார், எல்லாம் கொட்டிவிட்டது. மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாம் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் பின்னாலேயே போனேன். "சாவற சீன் இல்லன்னு கோவமா மாமா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நான் தோட்டத்துல மண்டோரா நின்னு ஆளுங்கள வேல வாங்கினப்ப இந்தக் குஞ்சம்மா என் கீழதான் வேல செஞ்சிச்சி. அதோட அம்மா செலண்டார்ல செத்துப் போனாங்கன்னு ஆள் வந்து சொல்லுது. இது ஓடி வந்து லீவு கேட்டுச்சி. உன் நெறையில உள்ள மரத்தையெல்லாம் முடிச்சிட்டுப் போன்னு சொன்னேன். இது போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்களாம். பத்தொம்பது வருசம் ஆச்சு. ஒரு நாளும் அது என்னைய ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப எப்படிம்மா நான் அது கையில வாங்கிக் குடிக்கறது?" என்றார்.

வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றேன். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இல்ல, எடு" என்றார்.

ஆறாவது தடவை. குஞ்சம்மா அக்கா தண்ணீரை ஏந்திக்கொண்டு நிற்கிறார். மாமா குனிந்த தலை நிமிரவில்லை. தண்ணீர் விரலிடுக்கில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. நான் நிறுத்தச் சொல்லப் போனேன். அப்போது குஞ்சம்மா அக்கா மெல்ல, "குடிங்க மண்டோரே. நான் அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்" என்றார். மாமா குடித்தார். குடித்து முடித்த பிறகும் அந்தக் கையை விட்டு முகத்தை எடுக்கவில்லை. தோள் குலுங்கியது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது காரில் நான் கேட்டேன், "உண்மையிலேயே மறந்துட்டீங்களா அக்கா?" என்று. "எங்கேம்மா மறக்கறது? தண்ணி ஒழுகிட்டே இருக்கு, எவ்ளோ நேரந்தான் புடிச்சிக்கிட்டு நிக்கறது?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது என் சிக்கல் இதுதான். நான் எடுத்ததிலேயே நல்ல காட்சி அது. ஆனால் குஞ்சம்மா அக்கா பேசியது பதிவாகியிருக்கிறது. பாட்டில் "வாய்ச்சொல் ஒன்றிலள்" என்று இருக்கிறது. அந்த வரியை வைக்கவா, எடுக்கவா? முன்பு என்றால் உங்களைக் கேட்டிருக்க மாட்டேன்.

நளினி


புலாவ் செபாங்
27.7.2024

அன்புள்ள நளினி,

உன் கடிதத்தைத் திலகாவிடம் படித்துக் காட்டினேன். பாதியில் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் யோசித்தேன். ஒலியை மட்டும் எடுத்துவிடு. உதடு அசைவது இருக்கட்டும். பாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த வார்த்தை ஊர்த்தலைவனிடம் அம்மன் சொன்னதல்ல, நல்லமுத்து அண்ணனிடம் குஞ்சம்மா சொன்னது. அது அவர்கள் இருவருடையது. ஊர் கேட்கத் தேவையில்லை.

மூன்றாம் தேதி குளுவாங்கில் உனக்கு ஒரு சீனர் கல்யாண வேலை இருக்கிறதாமே. உன் படத்தை நீயே பார்க்க முடியாமல் போகிறதே என்று எனக்கு வருத்தம். நடந்தது எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். இந்த முறை நம்பலாம்.

அத்தான்


புலாவ் செபாங்
5.8.2024

அன்புள்ள நளினி,

சனிக்கிழமை மாலை ஏழரைக்கு ஆரம்பம். ஆறு மணிக்கே நாற்காலி தீர்ந்துவிட்டது. செலண்டாரிலிருந்து இரண்டு வேன் வந்திருந்தன. மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

வழக்கம்போல் முதலில் நான் பாட வேண்டும், படம் அதற்குப் பிறகு. மேடையில் போய் நின்றேன். புத்தகம் கையில் இருந்தது. கிராணியாகக் கணக்கெழுதும் வேலையில் எத்தனையோ அதிகாரிகள் முன்னால் நின்றிருக்கிறேன், இப்படி எதையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. "இத்தனை வருடம் நான் பாடிய சூலப் பாட்டு புத்தகத்தில் இல்லை. சின்ன வயதில் ஒரு படம் பார்த்துவிட்டு நான் எழுதிச் சேர்த்தது. அம்மனிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று சொன்னேன். இதைச் சொல்ல வீட்டில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மேடையில் அவ்வளவுதான் வந்தது.

முன்வரிசையில் இருந்தவர்கள் சன்னிதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒருவர், "அப்ப இவ்ளோ வருசமா சூலம்?" என்றார். "அம்மன் கையில நான் குடுத்ததுங்க" என்றேன். யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, "இருந்தாலும் சூலம் நல்லாத்தான்லா இருந்திச்சி" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். எல்லோருமே சிரிக்கவில்லை. பொருளாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு குடும்பம் எழுந்து போய்விட்டது. அதையும் எழுதாமல் விடக் கூடாது.

அப்புறம் நல்லமுத்து அண்ணன் எழுந்தார். "சூலம் நான் வாங்கிக் குடுத்தது. அது அங்கேயே இருக்கட்டும். பாட்டு மட்டும் புக்குல உள்ளபடி பாடுப்பா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் ஐம்பத்தொன்றிலிருந்து கடைசி வரை புத்தகத்தைப் பார்த்தே பாடினேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். யாரும் கொட்டாவி விட்டதாகத் தெரியவில்லை. விட்டிருந்தாலும் பரவாயில்லை.

பிறகு உன் படம். கைக்கடிகாரத் தடமும் தெரியவில்லை, லாரியும் இல்லை. பொருளாளர் "சரிங்க" என்று அழகாகச் சொன்னார். குஞ்சம்மா நடந்து வரும்போது, "அட, நம்ம குஞ்சம்மா" என்று பிள்ளைகள் கத்தினார்கள். கிணற்றடியில் அவர் உட்கார்ந்த பிறகு ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. கடைசிக் காட்சியில் முதல் தண்ணீர் அவனுக்குத்தான் போகிறது என்று தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு மூச்சு எழுந்தது. அதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. சூலப் பாட்டுக்கு வாங்கிய கைத்தட்டல் எல்லாம் அந்த மூச்சுக்கு முன்னால் ஒன்றுமில்லை, நளினி. அது உன்னுடையது. அன்றைக்குக் கல்யாண வீடு என்று நான் பேசிய பேச்சுக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

படம் முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் ஒரே பேச்சு, அம்மன் உதடு அசைந்ததே, என்ன சொன்னாள் என்று. "இனிமே இப்படிச் செய்யாதேன்னு திட்டியிருப்பா" என்றார் ஒருவர். "அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, நான் பார்த்தேன்" என்றது ஒரு பிள்ளை. "பொறுமையா குடி, பொற ஏறிக்கும்னு சொல்லியிருப்பா. வேறென்ன சொல்லுவா?" என்றாள் திலகா. நல்லமுத்து அண்ணனைச் சூழ்ந்துகொண்டு பத்துப் பேர் கேட்டார்கள். அவர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

குஞ்சம்மா பந்தியின் கடைசியில், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செலண்டார்ப் பெண்கள் நாலைந்து பேர் அவர் காலைத் தொட வந்தார்கள். "ஐயோ, எந்திரிங்கம்மா, கையெல்லாம் ரசம்" என்று பதறினார். அதில் ஒருத்தி விடவில்லை. "கடைசியில என்னாக்கா சொன்னீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

குஞ்சம்மா இலையை மடித்துவிட்டு எழுந்தார். "சாமி சொன்னத எங்கிட்ட கேட்டா எனக்கு எப்படிலா தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இப்படிக்கு, கூட்டாமல் குறைக்காமல்,
உன் அத்தான்
புவனேஸ்வரன்